மிஸ் என்று கூப்பிடு

பள்ளிக்கூட வேன் ஓவியக்கூடத்தின் வாசலில் வந்து நின்றபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலை நேரம்தான், ஆனால் உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கதவு திறக்கும் முன்பே குதித்துவிடத் துடித்தார்கள். டீச்சர் முதலில் இறங்கினாள். வாசற்படி, இரும்பு கேட், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி, அவர் பக்கத்தில் இருந்த பிளாஸ்க் என்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "ம், வாங்க" என்றாள்.

எதையும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை அவள். வீட்டுப்பாடத்தில் பிள்ளை எழுதிய வரி எது, அப்பா எழுதிக் கொடுத்த வரி எது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள். பரீட்சை அறையில் எந்தப் பிள்ளையாவது பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்க நினைத்தாலே போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வகுப்பில்தான் அவளுடைய மகளும் படித்தாள்.

மகளுக்கு வீட்டில் பட்டு என்று செல்லப் பெயர். வீட்டில் மட்டும்தான். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பட்டு என்ற பேச்சே கிடையாது. அம்மா என்ற பேச்சும் கிடையாது. "உள்ள இருக்கற வரைக்கும் நான் உனக்கு மிஸ். வெளிய வந்ததும் எத்தனை தடவை வேணா அம்மான்னு கூப்பிட்டுக்கோ" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே. அதனால் வரிசையில் பட்டு கடைசி. சாக்லேட் கொடுத்தாலும் பட்டுவுக்குக் கடைசியில்தான். திட்டு மட்டும் முதலில் விழும்.

ஒருமுறை மைதானத்தில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு ரத்தம் வழிய ஓடிவந்தபோதுகூட, அந்தப் பிள்ளை "மிஸ்... மிஸ்..." என்றுதான் அழுதது. மற்ற டீச்சர்கள் அசந்துபோனார்கள். "எப்படிங்க இப்படி வளர்த்தீங்க!" என்றார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். காயம் ஆறி, முழங்காலில் பிறை போல வளைந்த தழும்பாக நின்றுவிட்டது. தொட்டால் விரலில் தட்டுப்படும்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்ததும் பட்டு "அம்மா!" என்பாள். நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டீச்சர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பாள். அதை மகளிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஓவியக்கூடம் ஒரு காலத்தில் யாரோ வசித்த பெரிய வீடு. கூரை உயரம். அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. வண்ண எண்ணெயின் காட்டமான வாடை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் நாள்பட்ட சுண்ணாம்பின் ஈர வாடை. பிள்ளைகள் பேசினால் பேச்சு உடனே அடங்காமல் அடுத்த அறைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் 'ஒலிபெருக்கி' என்று எல்லோரும் கூப்பிடும் பையன் "ஓஓ!" என்று கத்திப் பார்த்தான். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பயிற்சி நடத்த வந்தவள் இளம்பெண். கழுத்துவரை வெட்டிய முடி, முன்னால் கட்டிய துணியில் பல வண்ணக் கறை. பிள்ளைகள் பார்த்த உடனே அவளுக்கு 'டிராயிங் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்த முகம்தான். ஆனால் வலது கையில் மட்டும் வெள்ளை உறை போட்டிருந்தாள். ஓவியங்களைத் தொடுகிறவர்கள் உறை போடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். அப்படியென்றால் இரண்டு கைக்கும் அல்லவா போட வேண்டும்? டீச்சர் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"காசு மேல பேப்பர் வச்சுப் பென்சிலால தேய்ச்சிருக்கீங்களா?" என்று டிராயிங் அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா!"

"அதேதான் இன்னைக்கும். ஆனா காசுக்குப் பதிலா இந்த வீடு. கதவு, ஜன்னல் கம்பி, தரை, நாற்காலி, எது மேல வேணா தாளை வச்சு கிரேயானைப் படுக்கப் போட்டுத் தேய்ங்க. மேடு பள்ளம் எல்லாம் தாள்ல வந்துடும்."

அவ்வளவுதான், பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். பூ செதுக்கிய கதவில் ஒரு கும்பல், பிரம்பு நாற்காலியில் ஒரு கும்பல். ஒலிபெருக்கி வாசலுக்குப் போய்க் காவலாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லி, அதன் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது.

பட்டு முதலில் பூக்கதவில்தான் இடம் பிடித்திருந்தாள். இன்னொரு பிள்ளை வந்து நின்றதும் டீச்சர், "நீ தள்ளு. அவ எடுக்கட்டும்" என்றாள். ஜன்னலுக்குப் போனாள், அங்கேயும் அதே கதை. கடைசியில் தாளும் கிரேயானுமாகக் கடைக்கோடி அறையில் வந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு மட்டும் இடமில்ல."

அந்த அறையின் ஒரு பக்கச் சுவரை ஓர் உயரமான பலகை மறைத்துக்கொண்டு நின்றது. படம் மாட்டுகிற பலகைதான். ஆனால் அதில் படம் எதுவும் இல்லை.

"இதை நகர்த்தினா இடம் கிடைக்குமே?" என்றாள் டீச்சர்.

"அது வேணாம் டீச்சர்." டிராயிங் அக்கா கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். "அந்தச் சுவர் மழமழன்னு இருக்கும். ஒண்ணும் வராது. குழந்தை ஏமாந்துபோயிடும்."

அந்த வேகம் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. ஓதம் ஏறின சுவரை மறைத்து வைத்துக்கொண்டு பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தாள். அதற்குள் யாரோ கூப்பிட்டு டிராயிங் அக்கா முன்னறைக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவள் தலை மறைந்ததும் டீச்சர், கூட வந்திருந்த பள்ளி ஆயாவைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து பலகையை நகர்த்தினார்கள்.

ஓதம் எதுவும் இல்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டின் மற்ற சுவர்களிலெல்லாம் வெடிப்பும் ஆணித் துளையும் பழைய பூச்சின் திட்டுகளும் இருக்க, இதில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. டீச்சர் கையால் தடவிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

"எனக்கென்னமோ இந்த ரூம் பிடிக்கல டீச்சரம்மா" என்றாள் ஆயா.

"ரூமை நாம என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறோம்? நீங்க போய்ப் பிள்ளைங்களைப் பாருங்க." அப்புறம் மகளிடம், "உக்காரு. இங்கயே எடு" என்றாள்.

பட்டு தரையில் உட்கார்ந்து, தாளைச் சுவரில் அழுத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். சரக், சரக் என்று கிரேயான் போய் வந்தது. வெளியே தூறல் விழத் தொடங்கியது.

"மிஸ், ஒரு கை வந்திருக்கு."

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். நீலக் கிரேயானுக்கு நடுவே ஒரு சின்னக் கை. ஐந்து விரல்களும் விரிந்து, உள்ளங்கை முன்னால் பார்த்திருந்தது. கதவுக் கண்ணாடியில் அந்தப் பக்கத்திலிருந்து கையை வைத்து அழுத்தினால் எப்படித் தெரியுமோ அப்படி.

"உன் கையை அடியில வச்சுத் தேய்ச்சியா?"

"இல்ல மிஸ்."

"பொய் சொல்லாதே."

"நிஜமா இல்ல மிஸ்."

அதற்குள் மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் மகளை விட்டுக்கொடுக்காமல் பேச டீச்சருக்கு வாய் வரவில்லை. மாறாக இரண்டு மடங்கு கடுமைதான் வந்தது. "ஏமாத்தறது எனக்கு அறவே பிடிக்காதுன்னு தெரியும்ல? வேற தாள் எடு. என் கண்ணு முன்னாடி தேய்."

பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு தாளை வைத்தாள். டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையின் ஒரு கை தாளைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தேய்த்தது. மூன்றாவது கை எதுவும் இல்லை.

தாளில் நெற்றி வந்தது. மூக்கு வந்தது.

மூடிய இரண்டு கண்கள் வந்தன.

"ஐ, பொம்மை!" என்று ஒலிபெருக்கி தன் தாளைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துத் தேய்த்தான். வெறும் பச்சை வண்ணம்தான் வந்தது. இன்னும் சில பிள்ளைகள் முயன்று பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பட்டு தேய்த்தால் மட்டும்தான் வந்தது.

டீச்சரின் சந்தேகம் இப்போது மகளை விட்டு டிராயிங் அக்காமேல் தாவியது. சுவருக்குள் ஏதோ வைத்துப் பூசியிருக்கிறார்கள். தாளில் ஏதோ மருந்து தடவியிருக்கிறார்கள். கடைசியில் ஆச்சரியப்படுத்தி அடுத்த பயிற்சிக்கும் வரவழைக்கிற வித்தை இது. 'வேண்டாம் வேண்டாம்' என்று சொன்னதே இங்கே வரவைக்கத்தான். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

அந்த நேரம் பார்த்து முன்கூடத்திலிருந்து ஆயாவின் குரல் வந்தது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டதாம். மற்றவர்கள் அதை வேடிக்கை பார்க்க ஓடினார்கள். பட்டுவும் எழுந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்டே?"

"மிஸ், எனக்கு இது போதும் மிஸ். கை மரத்துப் போற மாதிரி இருக்கு."

"சாக்கு சொல்லாதே. முழுசா முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். பாதியில விடறது என்ன பழக்கம்?"

பட்டு மறுபடி உட்கார்ந்தாள். டீச்சர் வெளியே போகும்போது பின்னால் சரக், சரக் என்று கேட்டது.

வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அழுகையை அடக்குவதற்குள் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. விளக்குகள் மங்கின. நடையில் திரும்பி வந்தபோது டிராயிங் அக்கா எதிரே வந்தாள். டீச்சரின் கையில் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"பலகையை எடுத்துட்டீங்களா?"

"எடுத்தேன். நல்ல வித்தைதான் வச்சிருக்கீங்க. குழந்தைங்க பயந்துட்டா யாரு பொறுப்பு?"

டிராயிங் அக்கா வலது கை உறையைக் கழற்றி, விரல்களை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

விரல் நுனிகளில் ரேகை இல்லை. உள்ளங்கையிலும் இல்லை. ஒரு கோடு, ஒரு மடிப்பு இல்லாமல் மழமழவென்று இருந்தது.

"போன வருஷம் நானும் அந்தச் சுவர்ல தேய்ச்சுப் பார்த்தேன்" என்று அவள் கிசுகிசுத்தாள். "ஒரு கை வந்துச்சு. பயந்துபோய் அதோட நிறுத்திட்டேன். மறுநாள் ஆபீஸ்ல ரேகை வைக்கற மெஷின் என் விரலை எடுக்கல. இன்னிவரைக்கும் எடுக்கல. அங்கிருந்து என்ன வருதோ, அதுக்குப் பதிலா நம்மகிட்ட இருந்து உள்ள போயிடுது, டீச்சர்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

டீச்சரின் கையில் இருந்த தாள்களை டிராயிங் அக்கா மறுபடி பார்த்தாள்.

"குழந்தை எவ்வளவு எடுத்துச்சு?"

'முழுசா முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்.' தான் சொன்னது தன் காதிலேயே கேட்டது. டீச்சர் ஓடினாள். புடவை காலில் தடுக்கியது. அறைக்குள் அறையாக அந்த வீடு நீண்டுகொண்டே போனது.

சரக், சரக் சத்தம் நின்றிருந்தது.

கடைக்கோடி அறையில் குழந்தை சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதன் காலடியில் தாள்கள் வரிசையாகக் கிடந்தன. தோள், வயிறு, பாவாடையின் மடிப்பு, கால்கள், பாதம். ஒன்றும் விடுபடவில்லை.

"முடிச்சுட்டேன் மிஸ்."

டீச்சர் அப்படியே வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட நேரத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதே ரெட்டைச் சடை, அதே சட்டை, அதே முகம். கையைப் பிரித்துப் பார்த்தாள். விரலெல்லாம் நீல மெழுகு அப்பிக்கிடந்தது. ரேகை இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிள்ளை முழுசாக இருக்கிறது. கண் முன்னால் நிற்கிறது. போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது. ஒரு பைத்தியக்காரி பேச்சைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இப்படித் தலைதெறிக்க ஓடிவந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மற்ற பிள்ளைகள் வேறு பின்னாலேயே வந்து அறைக்குள் நிறைந்துவிட்டார்கள். சட்டென்று குழந்தையை இறக்கிவிட்டாள்.

"அம்மா..."

மெல்லிய குரல். எங்கிருந்தோ.

மூன்றாம் வகுப்பில் இது தினமும் நடக்கிறதுதான். ஏதாவது ஒரு பிள்ளை வாய் தவறி டீச்சரை அம்மா என்றுவிடும்; வகுப்பே சிரிக்கும். டீச்சர் வழக்கமாகச் சொல்வதையே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரது? இங்க அம்மால்லாம் கிடையாது. மிஸ்னு கூப்பிடு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒலிபெருக்கி, அவனுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னான்.

"மிஸ், நாங்க யாரும் கூப்பிடல மிஸ்."

அந்தக் குரல் மறுபடி வரவில்லை.

மழையிலேயே வேன் பள்ளிக்கூடம் திரும்பியது. டிராயிங் அக்கா வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினார்கள். டீச்சர் நடையை மெதுவாக்கினாள். குழந்தை ஒரு காலை வெளியே வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது. ஒன்றும் சொல்லவில்லை.

"கோபமா பட்டு? எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன்னா?"

"இல்ல மிஸ்."

கோபம்தான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். இருக்காதா பின்னே. பழிவாங்குகிறாள், கழுதை. வழியில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். குழந்தை அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, டீச்சர் தின்பதைப் பார்த்த பிறகு தின்றது.

வீட்டில், "மிஸ், தண்ணி" என்று கேட்டபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுலயும் மிஸ்ஸா? நல்லா வேணும் உனக்கு" என்றார் மனைவியிடம். "அப்ப நான் யாருடி, ஹெட்மாஸ்டரா?" குழந்தை அவரை ஏறிட்டுப் பார்த்தது. தெருவில் எதிரே வருகிற ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா பாரு" என்றார்.

காய்ச்சல் இல்லை. உடம்பு சில்லென்றுதான் இருந்தது.

டீச்சர் பாத்ரூமில் உட்கார்த்தி வைத்து, சுடுதண்ணீர் விட்டு, கையில் அப்பியிருந்த மெழுகைத் தேய்த்துக் கழுவினாள். நீலம் கரைந்து ஓடியது. மெழுகு போன பிறகும் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஐந்து விரல்களையும் பார்த்தாள். மற்ற ஐந்தையும் பார்த்தாள். அப்புறம், பார்க்க மனசில்லாமல், முழங்காலைப் பார்த்தாள்.

தழும்பு இல்லை.

கட்டைவிரலால் தடவினாள். பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

"என்ன தேடறீங்க மிஸ்?" என்றது குழந்தை.

ஈரக் கையோடு ஓடிப்போய், ஓவியக்கூடத்திலிருந்து வாரிக்கொண்டுவந்த தாள்களைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். கை இல்லை. முகம் இல்லை. எல்லாத் தாளிலும் ஒரே சீரான நீலம் மட்டும்தான் இருந்தது. யாரோ படுத்துக்கிடந்துவிட்டு எழுந்துபோன மாதிரி, தாளின் நடுவில் லேசான சுருக்கம்.

கணவனிடம் சொன்னாள். அவர் மனைவியைத்தான் கவலையோடு பார்த்தார். "நீ நம்பற ஆளே கிடையாதே, உனக்கா இப்படி?" என்றார். தழும்பு ஆறி மறைந்திருக்கும் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. 'யாரது? இங்க அம்மால்லாம் கிடையாது.' அந்த ஒரு வார்த்தைதான் அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவள், அந்தக் குரலை மட்டும் யாருடையது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் கிளம்பிவிட்டாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டாள். அதைக் கணவனோடு தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்குப் பயமாக இருந்தது.

ஓவியக்கூடம் இன்னும் திறந்திருக்கவில்லை. இவர்களைப் பார்த்ததும் டிராயிங் அக்கா எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள். குழந்தையின் முகத்தை மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"மாத்திடலாமா?" என்று டீச்சர் கேட்டாள். "திரும்ப மாத்த முடியுமாம்மா?"

"தெரியல டீச்சர். என் கையை எத்தனை தடவை அதுல வச்சுத் தேய்ச்சிருப்பேன் தெரியுமா."

கடைக்கோடி அறையில் சுவர் நேற்றுப் போலவே வெள்ளையாக இருந்தது. டீச்சர் மண்டியிட்டாள். முழங்கால் உயரத்தில் தாளை வைத்தாள். கிரேயான் வழுக்கிக்கொண்டே போனது. சரக், சரக்.

ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளித் தேய்த்தாள்.

வந்தது.

பிறை போல வளைந்த ஒரு தழும்பு.

டீச்சர் கிரேயானைப் போட்டுவிட்டாள். இதற்கு மேல் ஓர் இழை இழுக்கவும் அவளுக்குத் தைரியமில்லை. இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, கன்னத்தை அதில் அழுத்தினாள். ஜில்லென்று இருந்தது.

"பட்டு."

உள்ளே ஏதோ அசைந்தது. ரொம்ப தூரத்தில்.

"பட்டு, கண்ணு... இங்கதான் இருக்கேன். கூப்பிடுடா."

"மிஸ்..."

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை.

"மிஸ் இல்லடா! அம்மா! அம்மா வந்திருக்கேன். அம்மான்னு கூப்பிடு செல்லம். ஒரே ஒரு தடவை கூப்பிடு!"

உள்ளே யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம், சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையின் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி மெதுவாக வந்தது.

"நான் இன்னும் வெளிய வரலையே, மிஸ்."

டீச்சர் சுவரோடு சாய்ந்து ஓவென்று அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் விரல்களுக்குள் நுழைந்துகொண்டது. ஒரு கோடு, ஒரு மடிப்பு இல்லாத கை.

"வீட்டுக்குப் போலாமா," என்றது அது, "அம்மா?"